ஆன்லைன் ஏலத்துல முதல் தடவை விக்கப் போறீங்களா? பணத்தைக் கரைக்கிற 9 தப்புகள்



உங்க ரூம்ல ஒரு தடவை சுத்திப் பாருங்க. புது போன் வாங்கினதும் டிராயருக்குப் போன பழைய போன், லாக்டவுன் நேரத்துல வாங்கின மானிட்டர், ரெண்டு மாசம் கத்துக்கிட்டு மூலையில சாத்தி வச்ச கிட்டார், கார் வந்த பிறகு கவர் போட்டு நிக்கிற பைக். இதெல்லாம் சும்மா நிக்கலைங்க. ஒவ்வொரு மாசமும் விலை குறைஞ்சுக்கிட்டே நிக்குது. இன்னொரு பக்கம், கிரெடிட் கார்டு பாக்கி வட்டியோட ஏறிக்கிட்டே இருக்கு.

"விக்கணும்தான், ஆனா ஆன்லைன்ல போட்டா அடிமாட்டு விலைக்குக் கேக்குறாங்க"ன்னு நிறைய பேர் சொல்றீங்க. அடிமாட்டு விலைக்குக் கேக்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் பொருள் இல்ல, நாம விக்கிற விதம். அதைத்தான் இந்தக் கட்டுரையில படிப்படியா பார்க்கப் போறோம்.

நமக்கு ஏலம்னா எது?

ஆன்லைன் ஏலம்னாலே ஞாபகம் வர்ற பேரு ஈபே. 1995-ல பியர் ஓமிட்யார் அமெரிக்காவுல ஆரம்பிச்சார். இந்தியாவுல பாஸி டாட் காம்னு ஒரு ஏலத் தளம் இருந்துச்சு. 2004-ல ஈபே அதை வாங்கி இந்தியாவுக்குள்ள வந்துச்சு. 2018-ல அந்த இந்தியத் தளத்தை மூடிட்டாங்க. அதனால உள்ளூர்ல பழைய பொருளை விக்க இப்போ நமக்கு இருக்குற வழிகள் இவை:

- நேரடி ஏலம்: இங்கிருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு ஈபேல விக்கிறது, நாணயம், தபால்தலை ஏலங்கள், நம்ம காரை டீலர்கள் மத்தியில ஏலம் விட்டுத் தர்ற ஆப்கள்.
- தலைவர் இல்லாத ஏலம்: ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். இங்க சுத்தியல் தட்ட ஆள் இல்ல. ஆனா பத்து பேர் சாட்ல வந்து ஆளுக்கொரு விலை கேக்குறதும் ஏலம்தான்.
- உடனடி விலை: மாடலையும் கண்டிஷனையும் போட்டா ஒரு விலை சொல்லி வீட்டுக்கே வந்து எடுத்துக்கிற கம்பெனிகள்.

வழி எதுவா இருந்தாலும் ஒரு விதி மாறாது. அதை முதல்ல புரிஞ்சுக்குவோம்.

விலையை முடிவு பண்றது ரெண்டாவது ஆள்!

உங்க பழைய லேப்டாப்பை ஏலத்துல விடுறீங்கன்னு வச்சுக்கோங்க. மூணு பேர் வர்றாங்க. முதல் ஆள் அதிகபட்சம் ரூ.30,000 வரைக்கும் போகத் தயார். ரெண்டாவது ஆள் ரூ.24,000. மூணாவது ஆள் ரூ.15,000.

ஏலம் எங்க முடியும்? 30,000-ல இல்ல. ரெண்டாவது ஆள் 24,000-ல நின்னுடுவார். முதல் ஆள் அதுக்கு மேல ஒரு படி வச்சாலே போதும். சுமார் 24,500-க்கு முடிஞ்சிரும்.

இப்போ அந்த ரெண்டாவது ஆள் உங்க விளம்பரத்தைப் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க. முதல் ஆளோட ஆசை அதே 30,000-தான். ஆனா அவர் மூணாவது ஆளை மட்டும் தாண்டினா போதும். ஏலம் 15,500-ல முடிஞ்சிரும். ஒரே ஒரு ஆள் வராததால உங்களுக்கு ரூ.9,000 நஷ்டம்!

ஈபேல வாங்குறவர் தன்னோட அதிகபட்ச விலையைச் சொல்லி வச்சா, தளமே அவர் சார்பா தேவையான அளவுக்கு மட்டும் விலையை ஏத்தும். அங்கேயும் இதே கதைதான். ரெண்டாவது விலைதான் முக்கியம்ங்கிற இந்தக் கணக்கை 1961-லேயே எழுதினவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. 1996-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

ஆக, உங்க வேலை ஒரு பணக்கார வாங்குபவரைத் தேடுறது இல்ல. நிஜமாவே வாங்க நினைக்கிற ரெண்டு பேரை ஒரே நேரத்துல கொண்டு வர்றது. கீழ சொல்ற முதல் அஞ்சு தப்பும் அந்த ரெண்டாவது ஆளை விரட்டுற தப்புகள். மீதி நாலும், விலை நல்லபடியா முடிஞ்ச பிறகு கையில வந்த பணத்தைப் பறிகொடுக்கிற தப்புகள்.

தப்பு 1: பாசத்துக்கும் சேர்த்து விலை போடுறது

"62,000-க்கு வாங்கினேன், பத்திரமா வச்சிருந்தேன், 45,000-க்குக் குறையாம தரமாட்டேன்." நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு வாங்குறவருக்குக் கவலையே இல்ல. இன்னைக்கு அதே பணத்துக்கு வேற என்ன கிடைக்கும்னுதான் பார்ப்பார்.

நம்ம கையில இருக்குற பொருளுக்கு நாமே அதிக மதிப்பு போடுறது மனுஷ சுபாவம். 1990-ல வெளிவந்த ஒரு பிரபலமான ஆய்வுல டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூணு பேரும் மாணவர்கள்ல பாதிப் பேருக்கு மட்டும் காபி கப் கொடுத்தாங்க. கப் கையில இருந்தவங்க கேட்ட விலை, கப் இல்லாதவங்க கொடுக்கத் தயாரா இருந்த விலையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு! கொஞ்ச நேரம் கையில வச்சிருந்த கப்புக்கே அப்படின்னா, நாலு வருஷம் வச்சிருந்த பைக்குக்கு?

சரியான விலையைக் கண்டுபிடிக்க மூணு எண்களை எழுதிக்கோங்க:

- கீழ் எல்லை: உடனடி விலை தர்ற கம்பெனி சொல்ற தொகை. ரெண்டு இடத்துல கேளுங்க.
- மேல் எல்லை: அதே மாடலை வாரண்டியோட ரீஃபர்பிஷ்டா விக்கிற கடையோட விலை. வாரண்டி தராத நீங்க அதுக்கு மேல கேட்டா யாரும் வரமாட்டாங்க.
- நடு விலை: அதே பொருளுக்கான பத்து விளம்பரங்களை ஒரு வாரம் கவனிங்க. விளம்பரத்துல இருக்குறது கேக்குற விலைதான், வித்த விலை இல்ல. வாரக்கணக்கா அப்படியே கிடக்கிற விலை, மார்க்கெட் ஏத்துக்காத விலை. சீக்கிரமா காணாமப் போற விளம்பரங்களோட விலைதான் நிஜத்துக்குப் பக்கம். ஈபேல இது இன்னும் சுலபம். வித்து முடிஞ்ச பொருட்களை மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு.

தப்பு 2: தரைவிலை இல்லாம இறங்குறது

இதுக்குக் கீழ போனா விக்கவே மாட்டேன்ங்கிற விலைதான் தரைவிலை. ஏலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதைப் பேப்பர்ல எழுதிடுங்க. சாட்ல பேசும்போது முடிவு பண்ணினா உணர்ச்சிதான் முடிவு பண்ணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். உடனடி விலை ரூ.18,000-னு வச்சுக்கோங்க. நீங்களே வித்தா போட்டோ எடுக்கணும், சாட்ல பதில் சொல்லணும், ஆளைச் சந்திக்கணும். உங்க நேரத்துக்கு ரூ.2,000 போடுங்க. தரைவிலை ரூ.20,000. அதுக்குக் கீழ போனா கம்பெனிக்கே கொடுத்துட்டு ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கலாம்.

கூரியர்ல அனுப்புற பொருள்னா பேக்கிங், கூரியர், இன்சூரன்ஸ், தளத்தோட கமிஷன் எல்லாத்தையும் கழிச்ச பிறகு கையில வர்ற தொகையை பாருங்க. ஈபேல பொருள் விலைக்கு மட்டும் இல்ல, வாங்குறவர் கட்டுற ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்துத்தான் கமிஷன். மானிட்டர், ஸ்பீக்கர் மாதிரி எடை அதிகமான பொருளுக்கு இது நல்லாவே கடிக்கும். அதையெல்லாம் உள்ளூர்லயே வித்துடுங்க.

ஆரம்ப விலையைக் குறைச்சு வச்சா கூட்டம் வரும்னு சொல்வாங்க. பாதி உண்மை. நிறைய பேர் தேடுற போன் மாடலுக்கு அது வேலை செய்யும், ஏன்னா ரெண்டாவது ஆள் கட்டாயம் வருவார். பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் மாதிரி எப்பவாவது ஒருத்தர் தேடுற பொருளுக்கு அதைச் செய்யாதீங்க. ஒரே ஒரு ஆள் வந்து ஆரம்ப விலைக்கே அள்ளிட்டுப் போயிடுவார். அந்த மாதிரி பொருளுக்குத் தரைவிலையையே ஆரம்ப விலையா வைங்க.

இன்னொரு விஷயம். "ரெண்டாவது ஆள்தானே வேணும், என் ஃப்ரெண்டை விட்டு ஏத்தச் சொல்றேன்"னு தோணும். வேண்டாம். ஏலத் தளங்கள்ல அது தடை பண்ணப்பட்ட விஷயம், அக்கவுண்ட் போயிடும். அதை விட மோசம், உங்க ஃப்ரெண்டே ஜெயிச்சு பொருள் உங்ககிட்டயே திரும்பி வரும், கமிஷன் பில்லோட!

தப்பு 3: குறையை மறைக்கிறது

ஈபே ஆரம்பிச்ச புதுசுல ஓமிட்யார் வித்த முதல் பொருளா சொல்லப்படுறது ஒரு உடைஞ்ச லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போச்சு. "இது உடைஞ்சதுன்னு தெரியும்தானே?"ன்னு வாங்கினவர்கிட்டயே கேட்டாராம். "தெரியும், நான் உடைஞ்ச லேசர் பாயின்டர்களைச் சேகரிக்கிறவன்"னு பதில் வந்துச்சு.

குறை இருந்தா விக்காதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. குறையை மறைச்சாத்தான் பிரச்சினை. நேர்ல வந்து பார்க்கிறவர் ஒரு கீறலைக் கண்டுபிடிச்சா, "இதைச் சொல்லலையே, வேற எதையெல்லாம் சொல்லலையோ"ன்னு யோசிச்சு 3,000 குறைப்பார். அதே கீறலை விளம்பரத்துலயே சொல்லியிருந்தா 500-தான் குறைஞ்சிருக்கும். கூரியர்ல போன பொருள்னா திருப்பி அனுப்புற செலவும் உங்க தலையில.

நல்ல விளம்பரத்துக்கு இது போதும்:

- தலைப்பு: "சூப்பர் கண்டிஷன் லேப்டாப், அவசர விற்பனை"ன்னு யாரும் தேடுறது இல்ல. பிராண்டு, மாடல், ரேம், ஸ்டோரேஜ், வாங்கின வருஷம். அவ்வளவுதான்.
- போட்டோ: பகல் வெளிச்சத்துல, ஆன் பண்ணின நிலையில, எல்லாப் பக்கமும். கீறலுக்குத் தனி போட்டோ, பக்கத்துல ஒரு ரூபாய் காசு வச்சு. அளவு தெரியும்.
- விவரம்: பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம், எதை ரிப்பேர் பண்ணியிருக்கு, பில், பாக்ஸ், சார்ஜர் இருக்கா, ஏன் விக்கிறீங்க.
- மறைக்க வேண்டியது: பில்லுல இருக்குற வீட்டு முகவரி, போன் நம்பர், ஐஎம்இஐ எண். இதை மட்டும் மறைச்சுப் போடுங்க.

தப்பு 4: தப்பான நேரத்துல விக்கிறது

மாசக் கடைசியில 25-ஆம் தேதி பைக்கை விளம்பரத்துல போட்டா யார்கிட்ட காசு இருக்கும்? உங்களை மாதிரியே சம்பளத்துக்குக் காத்திருக்கிறவர்தான் உங்க ரெண்டாவது ஆளும். சம்பளம் வந்த முதல் வாரம், அதுலயும் சனி ஞாயிறு நல்ல நேரம்.

போன்னா இன்னொரு கணக்கு. புது ஐபோன் வழக்கமா செப்டம்பர்ல வரும். வந்ததும் பழைய மாடல் எல்லாம் ஒரு படி இறங்கும், எக்ஸ்சேஞ்ச்ல போகாத போன்களும் மார்க்கெட்டுக்கு வந்து குவியும். மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா ஆகஸ்ட்லயே வித்துடுங்க.

வெளிநாட்டு ஏலம்னா வாங்குறவரோட கடிகாரத்தைப் பாருங்க. நியூயார்க்ல ஞாயிறு இரவு 8 மணின்னா நமக்குத் திங்கள் அதிகாலை 5:30 (அவங்க குளிர்காலத்துல 6:30). அவங்க வீட்டுல சாப்பிட்டு முடிச்சு போனைக் கையில எடுக்கிற நேரத்துல ஏலம் முடியணும். நமக்கு வசதியான நேரத்துல முடிச்சா அவங்க தூக்கத்துல இருப்பாங்க.

ஏழு நாள் ஏலத்துல அஞ்சு நாள் வரைக்கும் அசையாம இருந்தா பதறாதீங்க. விவரம் தெரிஞ்சவங்க கடைசி நிமிஷத்துலதான் விலை வைப்பாங்க.

தப்பு 5: "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க"ன்னதும் சொல்லிடுறது

விளம்பரம் போட்ட பத்து நிமிஷத்துல முதல் மெசேஜ் வரும்: "லாஸ்ட் ப்ரைஸ் ப்ரோ?" நீங்களும் பயந்துட்டு 2,000 குறைச்சுச் சொல்வீங்க. அவர் நேர்ல வந்து இன்னொரு 2,000 குறைப்பார். ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை தோத்துட்டீங்க.

இவ்வளவு சீக்கிரம் வந்து பேரம் பேசுறவங்கள்ல பல பேர் வாங்கி விக்கிற வியாபாரிங்க. அதுல தப்பில்ல, அது அவங்க தொழில். ஆனா அவங்க உங்க மூணாவது ஆள். முதல் ரெண்டு பேர் இன்னும் வரவே இல்ல.

சாட் பேரத்தை நிஜ ஏலமா மாத்த ஒரு வழி இருக்கு. கேக்குற எல்லாருக்கும் ஒரே பதிலைக் காப்பி பேஸ்ட் பண்ணுங்க:

"வணக்கம். சனிக்கிழமை மாலை 6 மணி வரைக்கும் ஆஃபர் வாங்கிக்கிறேன். 20,000-க்குக் கீழ தர முடியாது. நேர்ல வந்து முழுசா செக் பண்ணிக்கலாம். உங்க ஆஃபரைச் சொல்லுங்க, அதிகமா சொன்னவருக்கு 6 மணிக்குக் கூப்பிட்டுச் சொல்றேன்."

இதுல தரைவிலை இருக்கு, கெடு இருக்கு, போட்டி இருக்குன்னு அவருக்கும் தெரியும். ஒண்ணு மட்டும்: "வேற ஒருத்தர் 23,000 சொல்லியிருக்கார்"னு பொய் சொல்லாதீங்க. "அப்போ அவருக்கே கொடுத்துடுங்க"ன்னு போயிட்டா ரெண்டு பேரும் இல்ல.

நடந்துக்கிட்டிருக்கிற ஈபே ஏலத்துல யாராவது "ஏலத்தை நிறுத்திட்டு தளத்துக்கு வெளிய எனக்கே கொடுங்க"ன்னு தனியா மெசேஜ் பண்ணினா ஒத்துக்காதீங்க. தளத்தோட பாதுகாப்பும் போயிடும், கடைசி நிமிஷத்துல வர வேண்டிய ரெண்டாவது ஆளும் போயிடுவார்.

தப்பு 6: பணம் வாங்க பின் நம்பர் போடுறது

இதுதான் ரொம்ப முக்கியமான பகுதி, நல்லா கவனிங்க. யூபிஐல பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல. கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணவும் தேவையில்ல. பின் போட்டா பணம் உங்ககிட்ட இருந்துதான் போகும், வராது.

வழக்கமான நாடகம் இப்படித்தான் நடக்கும். பேரமே பேசாம கேட்ட விலைக்கு ஒருத்தர் ஒத்துக்குவார். "ராணுவத்துல இருக்கேன், வேற ஊருக்கு மாத்தல், நேர்ல வர முடியாது"ம்பார். ஐடி கார்டு போட்டோ கூட அனுப்புவார். "இந்த கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துரும்"னு சொல்வார். ஸ்கேன் பண்ணி பின் போட்ட அடுத்த நொடி உங்க அக்கவுண்ட் காலி.

பணம் கேட்டு கோரிக்கை அனுப்புற முறையில ரொம்ப மோசடி நடந்ததால, தனிநபருக்குள்ள கலெக்ட் ரெக்வஸ்ட் அனுப்புற வசதியை 2025 அக்டோபரோட நிறுத்தச் சொல்லிடுச்சு என்.பி.சி.ஐ. ஆனா கியூஆர் தந்திரம் அப்படியேதான் இருக்கு. மத்ததையும் தெரிஞ்சுக்கோங்க:

- போலி ஸ்கிரீன்ஷாட், போலி எஸ்எம்எஸ்: உங்க பேங்க் ஆப்ல பேலன்ஸ் ஏறினதைப் பார்த்த பிறகுதான் பொருள் கை மாறணும்.
- "தவறுதலா அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க": நிஜமாவே வந்திருந்தா பேங்க் மூலமா திருப்பிக் கேக்கச் சொல்லுங்க.
- "இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க": ஏபிகே ஃபைலோ ஸ்கிரீன் ஷேரிங் ஆப்போ, எதுக்கும் ஒத்துக்காதீங்க.
- வேற யாரோ பேர்ல பணம்: உங்க முன்னாடி நிக்கிறவர் ஒருத்தர், பணம் வர்றது சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர் அக்கவுண்ட்ல இருந்துன்னா உஷார். அது யாரையோ ஏமாத்தின பணமா இருந்தா, போலீஸ் புகார்ல உங்க அக்கவுண்ட்டும் முடங்கலாம். சம்பளம் வர்ற அக்கவுண்ட் முடங்கினா இ.எம்.ஐ. எப்படிக் கட்டுவீங்க? வாங்குறவர் தன் அக்கவுண்ட்ல இருந்தே அனுப்பச் சொல்லுங்க, சாட்டை அழிக்காம வைங்க.

சந்திக்கிற இடம் பகல்ல, ஆள் நடமாட்டம் இருக்குற இடமா இருக்கட்டும். மெட்ரோ ஸ்டேஷன் வாசல், மால், உங்க பேங்க் கிளை. தனியா போகாதீங்க. ஏமாந்துட்டா வெட்கப்பட்டுக்கிட்டு உக்காராதீங்க, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

தப்பு 7: போனோட சேர்த்து உங்களையும் விக்கிறது

ஃபேக்டரி ரீசெட் மட்டும் போதாது. வரிசை முக்கியம். பேக்கப் எடுங்க. பேங்க், யூபிஐ ஆப்கள்ல இருந்து வெளிய வாங்க. சிம், மெமரி கார்டை எடுங்க, இ-சிம் இருந்தா புது போனுக்கு மாத்துங்க. முதல்ல கூகுள் அல்லது ஆப்பிள் அக்கவுண்ட்டை நீக்குங்க, அப்புறமா ரீசெட் பண்ணுங்க. அக்கவுண்ட்டை நீக்காம விட்டா போன் பூட்டிக்கும். வாங்கினவர் ராத்திரி பதினோரு மணிக்கு உங்க பாஸ்வேர்டைக் கேட்டு போன் பண்ணுவார்.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப், போன் எல்லாம் உங்க பொருளே இல்ல. எழுத்துல கம்பெனி உங்களுக்குக் கொடுத்திருந்தா மட்டும் விக்கலாம்.

தப்பு 8: சாவியைக் கொடுத்துட்டு ஆர்.சி.யை மறந்துடுறது

பைக்கும் காரும் விக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. பணம் வாங்கி சாவி கொடுத்துட்டா வண்டி கை மாறிடுச்சுன்னு நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்க்கிறது இல்ல. ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல 2018-ல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அந்த வண்டி கை மாறி கை மாறி பல பேர்கிட்ட போயிருந்துச்சு. பேர் மாத்தாததால, விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டுல பேர் இருந்த முதல் ஓனர் மேலதான் வந்துச்சு.

அதாவது, 35,000-க்கு வித்த பைக்குக்காக நாளைக்கு லட்சக்கணக்குல இழப்பீடு கட்ட வேண்டி வரலாம். செய்ய வேண்டியது:

- ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் ரெண்டு பேரும் கையெழுத்து. வித்த விவரத்தை ஒரே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்.
- லோன் இருந்திருந்தா பேங்க் என்.ஓ.சி.யோட ஃபார்ம் 35 கொடுத்து அடமானப் பதிவை நீக்குங்க.
- தேதி, நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதின டெலிவரி நோட், வாங்குறவரோட அடையாள அட்டை நகல்.
- காருன்னா ஃபாஸ்டேக்கை மூடுங்க. இல்லைன்னா அவர் போற டோலுக்கு நீங்க காசு கட்டுவீங்க.
- இன்சூரன்ஸ் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தம் இல்ல, உங்களுக்குச் சொந்தம். வண்டியைக் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட அதுக்கான சான்றிதழ் வாங்கிக்கிட்டா, புது வண்டியோட சொந்தச் சேத பிரீமியத்துல அதிகபட்சம் 50% வரைக்கும் தள்ளுபடி கிடைக்கும். பல பேர் இதைச் சும்மா விட்டுடுறாங்க.

பேர் மாறிடுச்சான்னு பரிவாகன் தளத்துல நீங்களே பாருங்க. "நான் பார்த்துக்கிறேன் ப்ரோ"ங்கிற வார்த்தை ஆவணம் ஆகாது.

தப்பு 9: தாத்தாவோட காசுப் பெட்டியில லட்சங்களைத் தேடுறது

"பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கா? 5 லட்சம்!"னு வர்ற விளம்பரங்கள் பெரும்பாலும் உங்ககிட்ட இருந்து முன்பணம் பறிக்கிறதுக்குத்தான். கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்கன்னு ரிசர்வ் பேங்க் பேரைச் சொல்லிக் கேப்பாங்க. தான் அப்படி எந்தக் கட்டணமும் வாங்குறது இல்லைன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சிருக்கு. விக்கிறவர் முன்கூட்டியே பணம் கட்டச் சொல்ற எந்த ஏலமும் ஏலம் இல்ல.

நிஜமாவே மதிப்புள்ள பழைய காசு இருந்தா இன்னொரு எச்சரிக்கை. 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழைய நாணயம், சிலை, ஓவியம் எல்லாம் தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1917-ல அச்சான ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயை ஈபேல போட்டு அமெரிக்காவுக்கு கூரியர் பண்ணினா அது சட்ட மீறல். உள்நாட்டு நாணய ஏல நிறுவனங்கள்ல காட்டி மதிப்பு கேளுங்க. முக்கியமா, பளபளப்பா இருக்கட்டும்னு புளி போட்டுத் தேய்க்காதீங்க. சுத்தம் பண்ணின காசுக்கு சேகரிப்பாளர்கள்கிட்ட மதிப்பு இறங்கிடும்.

வரி உண்டா?

சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த போன், பர்னிச்சர், பைக், கார் எல்லாம் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்ல. அதை வித்தா மூலதன ஆதாய வரி வராது. ஆனா நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு இதுக்கெல்லாம் அந்த விலக்கு இல்ல. லாபத்துக்காகவே வாங்கி வாங்கி வித்தா அது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும்.

பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட்

1. கீழ் எல்லை, மேல் எல்லை, நடு விலை எழுதியாச்சா?
2. செலவு போக கையில வர்ற தொகை, தரைவிலை முடிவாச்சா?
3. குறைகள் போட்டோவுலயும் விவரத்துலயும் இருக்கா?
4. சம்பள வாரமா? வாங்குறவருக்கு வசதியான நேரமா?
5. எல்லாருக்கும் ஒரே கெடு, ஒரே பதில் சொன்னீங்களா?
6. பணம் பேங்க் ஆப்ல தெரிஞ்ச பிறகுதான் பொருள்.
7. அக்கவுண்ட் நீக்கி ரீசெட், அல்லது ஆர்.சி. மாற்றம்.

கடைசியா ஒண்ணு. வந்த பணத்தை எங்க போடணும்னு விக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா அதுக்குத்தான் முதல் இடம். மாசத்துக்கு 3% மேல வட்டி போடுற கார்டுகள் இருக்கு, அதை அடைக்கிறதை விட நல்ல முதலீடு எதுவும் இல்ல. பாக்கி இல்லைன்னா எமர்ஜென்சி ஃபண்ட். சம்பள அக்கவுண்ட்லயே விட்டா, அந்த 24,500 அடுத்த சேல்ல இன்னொரு கிட்டாரா மாறி அதே மூலையில வந்து நிக்கும்!

உங்க வீட்டுல சும்மா கிடக்கிற பொருள் எது, தரைவிலை எவ்வளவு போட்டீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பைக், கார் விக்கப் போற ஃப்ரெண்ட் இருந்தா எட்டாவது தப்பை மட்டுமாவது அவருக்கு அனுப்பிடுங்க. மீண்டும் அடுத்த பதிவுல சந்திப்போம்.